வேதாரண்யம் பக்கம் மாடிக்குக் கூலிங் ஷீட், மனைக்கு வேலி: எதைப் பார்த்து வாங்குவது?

தென்னந்தோப்பு:

வேதாரண்யத்துக்கும் தலைஞாயிறுக்கும் இடைப்பட்ட ஊர். கடல் நேர்கோட்டில் ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும். மொட்டை மாடியில் 30 அடிக்கு 20 அடி கொட்டகை போட வேண்டும். நடுவில் முகடு, இரண்டு பக்கமும் சரிவு. சுவர் கிடையாது, மூன்றடிக் கைப்பிடிச் சுவர் மட்டும்தான். கொல்லையில் இரண்டு மாட்டுக்கு 15க்கு 12 அடியில் ஒரு கொட்டகையும் வேண்டும். மனைக்கு மூன்று பக்கமும் சேர்த்து 220 அடி வேலி.

எஸ்டிமேட்டில் "0.50 கூலிங் ஷீட், எம்எஸ் ஸ்கொயர் பைப், ஸ்க்ரூ உட்பட" என்று ஒரே வரிதான் இருக்கிறது. கோட்டிங் எவ்வளவு என்று கேட்டால் "எல்லாம் கம்பெனி ஷீட்தான் சார்" என்பதே பதில். என்னென்ன கேட்டு எழுதி வாங்க வேண்டும்? உப்புக்காற்றுக்கு எது தாங்கும்? வேலிக்குச் செயின் லிங்க்கா, அதே கலர் ஷீட்டை ஆறடிக்கு நிறுத்திவிடலாமா? மண் களி. ஐப்பசி கார்த்திகையில் கணுக்கால் தண்ணீர் நிற்கும்.

ட்ரஸ்பட்டறை:

அந்த ஒரு வரியை நாலாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்க. உள்ளே இரும்பு எவ்வளவு, அதன் மேல் உலோகப் பூச்சு எவ்வளவு, பெயிண்ட் எந்த வகை, அடிப்பக்கம் என்ன. கலரெல்லாம் கடைசியில் வீட்டம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம்.

0.50 என்று சொல்வது பெரும்பாலும் பூச்சு, பெயிண்ட் எல்லாம் சேர்ந்த மொத்தக் கனம். டிசிடி என்பார்கள். உள்ளே இருக்கும் வெறும் இரும்பு, அதாவது பிஎம்டி, 0.42 அல்லது 0.43 மிமீதான் வரும். இது ஏமாற்று இல்லை, கணக்கே அதுதான். 0.45 சரக்கை 0.50 என்று இறக்குவதுதான் ஏமாற்று. அதைப் பிடிக்க மைக்ரோமீட்டர் தேவையில்லை, தராசு போதும். நாலடி அகலச் சுருளை மடித்து அடித்துத்தான் மூன்றரை அடி ஷீட் வருகிறது. அந்தக் கணக்கில் 0.50 ஷீட் பத்தடி நீளம் 13 கிலோ பக்கம் நிற்க வேண்டும். 0.45 என்றால் பதினொன்றரைக்குக் கொஞ்சம் மேல். 0.40 என்றால் பத்து கிலோ சொச்சம். வண்டியிலிருந்து இறக்கும்போது இரண்டு ஷீட்டை நெல் எடை போடும் தராசில் வைத்துப் பாருங்க, விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்தது பூச்சு. கூலிங் ஷீட் என்ற பெயரில் இரண்டு சரக்கு ஓடுகிறது. ஜிஐ, அதாவது துத்தநாகம் மட்டும் பூசிய இரும்பு, அதன் மேல் கலர் அடித்தது ஒன்று, கால்வல்யூம் மேல் கலர் அடித்தது இன்னொன்று. கால்வல்யூம் பூச்சில் எடைக்கணக்கில் 55 சதம் அலுமினியம், 43 சதத்துக்குக் கொஞ்சம் மேலே துத்தநாகம், மீதி ஒன்றரை சதம் போலச் சிலிக்கான். ஏஇசட் 150 என்றால் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம், ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரான் வரும். ஏஇசட் 70 என்றால் அதில் பாதிகூட இல்லை. 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம்) ஜிஐயில் ஒரு பக்கம் எட்டு மைக்ரான் சொச்சம்தான். மேலே அடித்திருக்கும் நீலம் மட்டும் மூன்றிலும் ஒரே நீலம்! உங்க ஊருக்கு மாடிக் கூரை என்றால் ஏஇசட் 150க்குக் கீழே இறங்காதீங்க. டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்க. இந்தியத் தர எண் கலர் பூசிய கால்வல்யூமுக்கு ஐஎஸ் 15965, கலர் பூசிய ஜிஐக்கு ஐஎஸ் 14246. எந்த எண் போட்டிருக்கிறது என்று பார்த்தாலே எந்தச் சரக்கு என்று தெரிந்துவிடும். ஷீட்டின் அடிப்பக்கம் கனமும் பூச்சும் அச்சடித்து வருகிறதா என்றும் திருப்பிப் பாருங்க.

பெயிண்டில் சாதாரணமாக வருவது ஆர்எம்பி என்கிற பாலியெஸ்டர். அதற்கு மேல் எஸ்எம்பி, சிலிக்கான் சேர்ந்தது. பிவிடிஎஃப் இன்னும் மேல், வீட்டுக் கொட்டகைக்கு அவ்வளவு தேவைப்படாது. வெயிலில் சாயம் வெளுப்பதுதான் இவற்றுக்குள் உள்ள பெரிய வித்தியாசம். துருவைத் தடுக்கும் முதல் வேலை உலோகப் பூச்சுடையது. காசு இருந்தால் முதலில் பூச்சில் போடுங்க, பிறகு பெயிண்டில். ஒன்று மட்டும் கட்டாயம் கேளுங்க: மேல்பக்கம் 20 மைக்ரான் பெயிண்ட் என்றால் அடிப்பக்கம் பேக் கோட் 5 முதல் 7 மைக்ரான்தான் இருக்கும். உங்களுடையது நாலு பக்கமும் திறந்த கொட்டகை. இரண்டு பக்கமும் முழுப் பெயிண்ட் உள்ள ஷீட் ஆர்டர் கொடுத்தால் கிடைக்கும்.

அளவு: அரை அகலம் பத்தடிக்கு இரண்டடி ஏற்றம் கொடுங்க. தாழ்வார நீட்டலோடு சேர்த்துப் பதினொன்றரை அடி ஷீட். ஓவர்லேப் போக ஒரு ஷீட் மூடுவது ஒரு மீட்டர். 30 அடி நீளத்துக்குப் பக்கத்துக்கு ஓரடி நீட்டினால் ஒரு சரிவுக்கு 10, ஆக மொத்தம் 20 ஷீட். ஒட்டுப்போடாமல் முழு நீளத்தில் வாங்குங்க. நீளவாக்கில் இரண்டு துண்டு சேர்த்தால் அந்த மடிப்புக்குள் தண்ணீர் ஏறி நின்றுவிடும்.

துருவாசர்:

ட்ரஸ்பட்டறை சொன்னதெல்லாம் சரி. வாங்கி மாட்டியபிறகு எங்கே போகும் என்பதை நான் சொல்கிறேன்.

மழை அடிக்கும் இடத்தை மழையே கழுவிக்கொடுக்கும். மழை படாத இடத்தில்தான் உப்பு உட்கார்ந்து தின்னும். தாழ்வார ஓரத்தின் அடிப்பக்கம், முகட்டுத் தொப்பிக்குக் கீழ்ப்புறம், ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப்பான பர்லினும் ஷீட்டும் ஒட்டும் இடுக்கு, மாமரமோ தென்னையோ கவிந்த மூலை. துருப்பிடித்த கூரையை அண்ணாந்து பார்த்தீர்கள் என்றால் நடுப்பரப்பு பளிச்சென்று இருக்கும். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் சின்னச் சின்னக் கொப்புளமாகப் பொரிந்திருக்கும். நகத்தால் கீறினால் வெள்ளைப் பொடி, அதற்கும் கீழே செம்மண் நிறம். அந்த இரண்டு விரல் அகலம்தான் உங்கள் ஷீட்டின் ஆயுள்.

நம்ம ஊர் வானிலைக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை மேல்பக்கத்தை அலசிவிடும். தை பிறந்தபிறகு ஆடி வரை பெரிய மழை இல்லை, மத்தியானக் கடற்காற்று மட்டும் தவறாமல் வரும். அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் உப்பு எடுக்கிற அதே மாதங்களில்தான் உங்கள் ஷீட்டிலும் உப்பு சேரும். அதனால் மாசிக் கடைசியில் ஒரு தரம், சித்திரையில் ஒரு தரம், ஆடியில் ஒரு தரம் கழுவுங்கள். தோட்டக் குழாயை மேல்நோக்கிப் பிடித்து அடிப்பக்கத்துக்கும் தாழ்வார ஓரத்துக்கும் அடிக்க வேண்டும். மேலே ஊற்றிவிட்டுப் போவதில் பயன் பாதிதான்.

கழுவும் தண்ணீர் முக்கியம். உங்கள் பக்கம் போர் தண்ணீர் உவர்ப்பு. அதை அடித்தால் உப்பைக் கழுவி உப்பைப் பூசுவதாகும். கூட்டுக் குடிநீர்க் குழாயில் வரும் கொள்ளிடத் தண்ணீரோ தொட்டியில் பிடித்த மழைத் தண்ணீரோதான் சரி. அழுக்கு பிடித்திருந்தால் ஒரு லிட்டருக்கு ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிளீச்சிங் பவுடர், பாத்ரூம் ஆசிட், தின்னர், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. கம்பி நாரைக் கையிலேயே எடுக்காதீர்கள்.

பூச்சுக்கு ஆகாத சேர்க்கைகள் சில உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. ஈரச் சிமெண்ட் கால்வல்யூமை அரிக்கும், ஏனென்றால் அதில் இருக்கும் அலுமினியத்துக்குக் காரம் ஆகாது. மேலே தெறித்த கலவையைக் காயும் முன் கழுவிவிட வேண்டும். சுவரில் ஷீட்டைப் புதைத்துப் பூசக்கூடாது. மாடி ஏசியின் தாமிரக் குழாயில் சொட்டும் தண்ணீர் ஷீட் மேல் விழக்கூடாது. செம்பு படிந்த தண்ணீர் விழும் இடத்தில் ஒரு கோடு போட்டதுபோலத் துரு இறங்கும். அந்தத் தண்ணீருக்குத் தனியாகப் பிளாஸ்டிக் குழாய் போட்டுக் கீழே விடுங்கள். அளவு குறிக்கத் தச்சர் பென்சில் வேண்டாம். அதிலிருக்கும் கிராஃபைட் ஈரம்பட்டால் அந்தக் கோட்டிலேயே அரிப்பைத் தொடங்கிவைக்கும், மார்க்கர் பேனா போதும். இடுக்கு அடைக்கச் சிலிக்கான் வாங்கும்போது 'நியூட்ரல் கியூர்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ட்யூபைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அமிலச் சரக்கு, கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஷீட் வந்து இறங்கிய அன்றே மாட்டவில்லை என்றால் அடுக்கிவைக்கும் விதத்தில்தான் முதல் சேதம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினால் இடையில் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் வெள்ளைத் துரு பூக்கும். கட்டை வைத்து, ஒரு முனையை அரை அடி உயர்த்தி, காற்று போக விடுங்கள். நனைந்துவிட்டால் ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்து நிறுத்திவைக்க வேண்டும்.

சிவில்_திருவாரூர்:

துருவைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று. காற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரை கடந்தது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான்.

வடிவமைப்புக்குக் காற்றுச் சுமை பற்றிய இந்தியத் தர விதி ஐஎஸ் 875 மூன்றாம் பாகம். அதில் அடிப்படைக் காற்று வேகம் திருச்சிக்கே வினாடிக்கு 47 மீட்டர், புதுச்சேரிக்கு 50. கரையோர டெல்டாவுக்கு 50 என்று வைத்துக்கொள்வதே நிதானம். அழுத்தம் 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம். 50க்குச் சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன், பேச்சு வழக்கில் சுமார் 150 கிலோ. உங்கள் கூரை ஏறக்குறைய 68 சதுர மீட்டர். கூரை வடிவத்துக்காகப் பெருக்கும் குணகத்தை 1 என்று வைத்தாலே பத்து டன் மேல்நோக்கி இழுக்கும். மொத்த ஷீட்டின் எடையோ 300 கிலோ. இதில் பக்கச் சுவரும் இல்லை என்பதால் உள்ளே புகும் காற்று கீழிருந்தும் தள்ளும். கொட்டகையைத் தாங்கி நிறுத்துவது மட்டும் போதாது, பறக்காமல் கட்டிவைக்கவும் வேண்டும்.

முதலில் தூண் அடி. மொட்டை மாடியில் தட்டோட்டின் மேல் பிளேட்டை வைத்து ஆங்கர் அடித்தால் அது சுண்ணாம்பு ஜல்லியில்தான் பிடித்திருக்கும். தட்டோட்டை அந்த இடத்தில் வெட்டி எடுத்து, கீழே பீம் போகும் கோட்டின் மேல், 8 மிமீ பிளேட், நாலு 12 மிமீ ஆங்கர் என்று வையுங்கள். வெட்டிய இடத்தை நீர்க்காப்புப் பூச்சோடு மூடாவிட்டால் கீழ்வீட்டு ஹாலில் ஒழுகும். பீம் கோடு தெரியாவிட்டால் கட்டிய மேஸ்திரியையோ பிளானையோ கேட்காமல் துளை போடாதீர்கள்.

பர்லின் இடைவெளி. பொதுவாக நாலடி வைக்கிறார்கள். உங்களுக்கு மூன்றடி வையுங்கள். பதினொன்றரை அடிச் சரிவுக்கு ஐந்து வரிசை, இரண்டு பக்கமும் பத்து. 2 மிமீ கனப் பைப்புக்குக் கீழே போகாதீர்கள், ஸ்க்ரூ மரை பிடிக்க இரும்பு வேண்டும்.

ஸ்க்ரூ. ஷீட் மடிப்பின் மேட்டில் அடிப்பதா பள்ளத்தில் அடிப்பதா என்று ஒரு பழைய சண்டை உண்டு. பள்ளத்தில் அடித்தால் பிடிப்பு கூடுதல், ஆனால் தண்ணீர் ஓடுவதும் அங்கேதான். கூரைக்கு மேட்டில், 12-14 அளவில் 55 மிமீ நீளம் போதும். சாதாரணமாக ஒரு மேடு விட்டு ஒரு மேடு அடித்துவிட்டுப் போவார்கள். இங்கே எல்லா வரிசையிலும் எல்லா மேட்டிலும் அடிக்கச் சொல்லுங்கள். ஷீட்டுக்கு ஐந்து மேடு என்றால் வரிசைக்கு 50, பத்து வரிசைக்கு 500. பக்கவாட்டு ஓவர்லேப்பில் ஒன்றரை அடிக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ, அது 150 போல ஆகும். முகட்டுத் தொப்பியையும் சேர்த்து 700க்கு மேல் வாங்கி வையுங்கள். "எஸ்டிமேட்டில் ஸ்க்ரூ உட்பட" என்றால் அவர் கணக்கு 300ஆகக்கூட இருக்கலாம், எண்ணைக் கேளுங்கள்.

ஷீட் பறப்பது பெரும்பாலும் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு அல்ல. ஸ்க்ரூ இருந்த இடத்திலேயே இருக்கும். காற்று ஷீட்டை மேலும் கீழுமாக அடித்து அடித்துத் தலையைச் சுற்றி இரும்பு கிழிந்து, ஷீட் மட்டும் தலை வழியே உருவிக்கொண்டு போகும். முதலில் போவது தாழ்வாரத்து மூலை. ஒரு மூலை தூக்கியதும் மற்றது தானாக உரியும். தாழ்வார நீட்டலை ஓரடிக்கு மேல் விடாதீர்கள் என்பதும் இதனால்தான்.

கறவைமாடு_மன்னை:

மாட்டுக் கொட்டகைக்கு மட்டும் ஒரு வார்த்தை. அங்கே கால்வல்யூம் வேண்டாங்க. கோமியத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து காரமாகி அலுமினியப் பூச்சைத் தின்னும். வாரண்டி அட்டையை முழுசாப் படிச்சீங்கன்னா கால்நடைக் கொட்டகையும் கடலோரமும் பெரும்பாலும் விலக்கு லிஸ்ட்ல இருக்கும். சிமெண்ட் ஷீட்டோ நாட்டு ஓடோ கீற்றோ போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத ஃபைபர் சிமெண்ட் ஷீட்டா கேட்டு வாங்குங்க. இரும்புதான் வேணும்னா 275 ஜிஎஸ்எம் ஜிஐ எடுத்து, அடிப்பக்கம் எபாக்ஸி பூசி, முகட்டை அரை அடி திறந்து தொப்பி போடுங்க, நெடி மேலே போயிடும். வைக்கோல் போரை ஷீட்லயோ வேலியிலயோ சாய்க்காதீங்க. வரட்டி தட்டுறதும் அப்படித்தான்.

முள்கிளுவை:

வேலிக்கு வருவோம். ஆறடி கலர் ஷீட் பார்க்க நன்றாக இருக்கும், மறைப்பும் கிடைக்கும். ஆனால் அது பாய்மரம். பத்தடிக்கு ஒரு தூண் வைத்தால் ஒரு தூணின் பங்குக்கு 60 சதுர அடி. மணிக்கு 108 கிலோமீட்டர் காற்றுக்கே 300 கிலோ தள்ளுகிறது, அதுவும் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில். இரண்டு இன்ச் பைப் அடியில் மடங்கிவிடும். ஷீட்தான் வேண்டும் என்றால் தூணை ஐந்தடிக்கு ஒன்றாக வைத்து, அடியில் அரை அடி, மேலே ஓரடி காற்றுப் போக விட வேண்டும். தெருப்பக்கம் மட்டும் ஷீட், மற்ற இரண்டு பக்கம் செயின் லிங்க் என்று பிரித்துக்கொள்வது என் யோசனை.

செயின் லிங்க்கில் இரண்டு இன்ச் கண், 10 கேஜ் கம்பி, அதாவது 3.25 மிமீ. 12 கேஜ் என்றால் 2.64 மிமீதான். உப்புக்காற்றில் கம்பி எவ்வளவு தடிமனோ அவ்வளவு நாள். இதற்கும் தராசு உண்டு: ஐந்தடி உயரம், ஐம்பதடி நீளச் சுருள் 10 கேஜில் 60 முதல் 65 கிலோ வரும், 12 கேஜில் 40 கிலோ சொச்சம். துத்தநாகப் பூச்சில் 'ஹெவி கோட்டிங்' என்று கேட்டு வாங்குங்கள். பச்சைப் பிவிசி பூசியது கொஞ்சம் ஏமாற்றும். கேஜ் சொல்லும்போது பிளாஸ்டிக்கையும் சேர்த்துச் சொல்வார்கள், உள்ளே கம்பி மெலிந்திருக்கும். வெட்டிய முனையில் பிளாஸ்டிக்கை நகத்தால் தள்ளிப் பாருங்கள், உள்ளே இருப்பது வெறும் கறுப்புக் கம்பியா, வெள்ளிப் பூச்சு உள்ள கம்பியா என்று தெரியும். கறுப்பு என்றால் வேண்டாம். கீறல் விழுந்த இடத்தில் தண்ணீர் உள்ளே புகுந்து, வெளியே பச்சையாகவே இருக்க, உள்ளே உளுத்துப்போகும்.

களிமண்ணில் தூண் சாய்வதற்குக் காரணம் ஆழம் போதாதது மட்டுமில்லை. மண் மழையில் உப்பி, கோடையில் வெடித்துச் சுருங்குகிறது. வருஷா வருஷம் தூணைப் பிடித்து மேலே தள்ளி, விட்டுவிடுகிறது. குழி ஓரடிக்கு ஓரடி, ஆழம் இரண்டரை அடி. அடியில் இன்னும் மூன்று நாலு இன்ச் சுற்றிலும் அகலப்படுத்துங்கள், கோயில் மணியைக் கவிழ்த்த மாதிரி. அப்போது மண்ணால் பிடுங்க முடியாது. வேலையைத் தை மாசியில் வையுங்கள், மண் பதமாக இருக்கும். வைகாசி வெடிப்பில் கான்கிரீட் போட்டால் ஐப்பசியில் மண் உப்பி நெருக்கும்.

பத்தடிக்கு ஒன்று, மூலை, கேட் எல்லாம் சேர்த்து 26 தூண் வரும். 1:2:4 கலவைக்குச் சிமெண்ட் 12 மூட்டை, மணல் 30 கன அடி, முக்கால் ஜல்லி 60 கன அடி. அடியை அகலப்படுத்தினால் ஒன்றிரண்டு மூட்டை கூடும். மணல் உவர் மண் கலந்ததாக இருக்கக் கூடாது. ஆர்சிசி தூண் வாங்குவதானாலும் இதே கவலைதான். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பினால் தூண் நீளவாக்கில் வெடிக்கும். ஜிஐ பைப் மீடியம் கிளாஸ் இரண்டு இன்ச் என் தேர்வு.

பைப் போவது எப்போதும் ஒரே இடத்தில்தான், மண்ணைத் தொடும் விளிம்பில். காற்றும் ஈரமும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான். கான்கிரீட்டை மண்ணுக்குச் சமமாக நிறுத்தாமல் ஆறு இன்ச் மேலே தூக்கி, தண்ணீர் நிற்காமல் நாலு பக்கமும் சரித்துப் பூசுங்கள். பைப்பும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் மேலும் கீழும் ஆறு இன்ச் தார்ப் பெயிண்ட். தலையில் மூடி போடாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி அடியில் தங்கும். வலையைத் தரையிலிருந்து மூன்று இன்ச் தூக்கிக் கட்டுங்கள். மேல், நடு, கீழ் என்று மூன்று இழுவைக் கம்பி, மூலைத் தூணுக்கு இரண்டு பக்கமும் சாய்வுக் கால்.

வலைக்கு உள்பக்கம் ஓரடி தள்ளி முள்கிளுவைப் போத்து ஊன்றிவிடுங்கள். வலை கிழியும் காலத்தில் வேலி தயாராக இருக்கும். பெயருக்காகச் சொல்லவில்லை!

தென்னந்தோப்பு:

எல்லாருக்கும் நன்றி. எஸ்டிமேட்டைத் திரும்ப எழுதித் தரச் சொல்லியாயிற்று. மிச்சம் சில சந்தேகம். கடல் பக்கம் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போட்டால் நல்லதுதானே? ஷீட்டை இடத்திலேயே கிரைண்டரில் வெட்டுவோம் என்கிறார்கள், பரவாயில்லையா? சித்திரை வெயிலுக்கு ஷீட் மேல் கீற்று பரப்பலாமா? கொல்லையில் பழைய ஜிஐ தகரம் பத்து இருக்கிறது, பெயிண்ட் அடித்து விறகுக் கொட்டகைக்குப் போடலாம் என்று எண்ணம்.

துருவாசர்:

ஸ்டெயின்லெஸ் வேண்டாம். இரண்டு உலோகம் உப்பு ஈரத்தில் தொட்டால் மட்டமானது தன்னைக் கொடுத்து உயர்ந்ததைக் காப்பாற்றும். இங்கே மட்டமானது உங்கள் ஷீட்டின் பூச்சு. ஸ்க்ரூ பளபளவென்று இருக்கும், அதைச் சுற்றி வட்டமாக ஷீட் போகும். கடலோரத்துக்கான கனத்த பூச்சு உள்ள கார்பன் ஸ்டீல் ஸ்க்ரூ, கிளாஸ் 4 என்று கேளுங்கள், குறைந்தபட்சம் கிளாஸ் 3. வாஷர் இபிடிஎம் ரப்பர். இறுக்கும்போது இரும்பு வட்டத்தின் விளிம்பில் ரப்பர் மெலிதாக எட்டிப் பார்த்தால் சரி. வடை ஓரம்போலப் பிதுங்கினால் அதிகம், ஷீட்டின் மேடும் அமுங்கிப் பள்ளமாகித் தண்ணீர் நிற்கும். ரப்பர் கையால் சுழல்கிறது என்றால் போதாது. கூரை போட்டு முதல் கோடை கழிந்ததும் ஒரு தடவை ஏறி எல்லாவற்றையும் பாருங்கள். ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூ வரிசை தெரியும் கோட்டில், அதாவது பர்லின் மேல் மட்டும் கால் வையுங்கள். முகட்டுத் தொப்பியில் மிதிக்காதீர்கள்.

கீற்றை மேலே போடவே கூடாது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காற்றில் ஆடி மட்டை பெயிண்டைத் தேய்க்கும், அணில் குடியேறும். வெயிலுக்கு வெள்ளை அல்லது வெளிர் நிற ஷீட், அதன் அடியில் அலுமினியத்தாள் ஒட்டிய ஃபோம். கூலிங் என்பது ஷீட்டின் பெயரில்தான் இருக்கிறது.

பழைய தகரத்துக்கு எனாமல் நேராக அடிக்காதீர்கள். எண்ணெய்ச் சத்துள்ள பெயிண்ட் துத்தநாகத்தோடு சேர்ந்து அடியில் சோப்புப் படலம் மாதிரி ஒன்றை உண்டாக்கும். சில மாதத்தில் அப்பளம் அப்பளமாக உரியும். எண்ணெய் போகக் கழுவி, சிவப்புத் துரு உள்ள இடத்தை மட்டும் எமரித் தாளால் தேய்த்து ஜிங்க் ரிச் பிரைமர் தொட்டு, மீதி முழுவதற்கும் எட்ச் பிரைமர், அதன்மேல் கோட். ஓட்டை விழுந்த தகரத்தைத் தூக்கிப் போடுங்கள்.

ட்ரஸ்பட்டறை:

கிரைண்டர் வேண்டாங்க. தகரக் கத்தரியோ, கடித்துக் கடித்து வெட்டும் நிப்ளரோ வைத்து வெட்டச் சொல்லுங்க, அளவு சரியாகக் கொடுத்தால் தொழிற்சாலையிலேயே வெட்டி வந்துவிடும். கிரைண்டர் பொறி சூடாகப் பறந்து பெயிண்டில் பதியும், மறுநாள் பனியில் மஞ்சள் புள்ளி புள்ளியாகப் பூக்கும். வெட்டிய விளிம்பில் பூச்சும் தீய்ந்திருக்கும். பைப் வெல்டிங்கும் பெயிண்டும் ஷீட் ஏறும் முன்பே முடிந்திருக்கணும். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்துவிட்டு முடிந்தது என்றால் விடாதீங்க, அது வெறும் பிரைமர், மேலே இரண்டு கோட் வேண்டும். பைப் முனையெல்லாம் மூடி வெல்டு வைக்கச் சொல்லுங்க.

ஸ்க்ரூ போடும்போது துளையிலிருந்து சுருள் சுருளாக இரும்புத்தூள் விழும். அன்றன்றைக்குச் சாயங்காலம் பூந்துடைப்பத்தால் மேலிருந்து கீழே பெருக்கிவிடணும். ராத்திரிப் பனி போதும் அது துருப்பிடிக்க.

தென்னந்தோப்பு:

துடைப்பத்துக்குப் பதில் பெரிய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தால் தூளெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்துவிடாதா?

ட்ரஸ்பட்டறை:

வராது. காந்தம் கூரையிலேயே ஒட்டிக்கொள்ளும். அதுவும் இரும்புதானே அண்ணே. துடைப்பமே எடுங்க.